முன்வாசல் அவனுக்கு, பின்வாசல் அவளுக்கு

மான்கள் அந்த வீட்டின் முன்வாசல் வழியாக நுழைந்து பின்வாசல் வழியாக வெளியேறின. கோடை தொடங்கும்போது மலையிலிருந்து இறங்கி ஏரிக்குப் போகும். மழை முடிந்ததும் அதே வீட்டுக்குள் புகுந்து மலைக்குத் திரும்பும். வீட்டின் இருபுறமும் வெட்டவெளி. சுற்றிப் போக எவ்வளவோ இடம் இருந்தது. ஒரு மான்கூட அப்படிப் போனதில்லை. கணவனும் மனைவியும் கல்யாணமாகிக் குடிவந்த வருடத்திலிருந்து இதுதான் வழக்கம். கணவன் டவுனில் பஸ் பணிமனை மெக்கானிக். மனைவி வீட்டிலேயே துணி தைத்தாள். மான்கள் வருகிற அன்று அவன் கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்து வைப்பான். அவள் தையல் மிஷினை நகர்த்த மாட்டாள். மான்களே விலகிப் போகும். கறுப்புத் துணி தைக்கக் கொடுப்பவர்கள் அந்த வாரம் மட்டும் வரமாட்டார்கள், ரோமம் ஒட்டும் என்று. ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. மான் புகுந்தா என்னன்னு யாரும் சொல்லி வைக்கல," என்றாள் அவள். பேச்சு அத்தோடு நின்றது.

மலை பொது நிலம். ஏரியும் பொது நிலம். நடுவில் இந்த வீடு மட்டும் தனியாருடையது. அதிலும் இரண்டு பேருடையது. முன்பாதி அவன் அப்பா கொடுத்த மனை, பின்பாதி அவள் அம்மா கொடுத்த மனை. மான்களின் வழியைக் காப்பாற்ற வேண்டும் என்று வனத்துறை முடிவு செய்தது. நிலப் பரிமாற்றத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். புதிதாக மாற்றலாகி வந்த பெண்மணி, நல்லவர், மான்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டவர். வீட்டை மனையோடு கொடுத்தால் பணிமனைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பொது நிலத்தில் அதே மதிப்புக்கு இடம் தருவதாகச் சொன்னார். மனைவி முடியாது என்றாள். கணவனுக்கு முழங்கால் போயிருந்தது. பணிமனைக்கு சைக்கிள் மிதிக்க ஒவ்வொரு நாள் காலையிலும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிளம்பினான். அதை அவன் வீட்டில் சொன்னதில்லை. தன் பாதிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டான். அதையும் சொல்லவில்லை. தான் போனால் அவளும் பின்னால் வருவாள் என்று நினைத்தான். அளக்க வந்தவர்களைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து அவனிடம் நேராகப் பேசுவதை விட்டாள். "சோறு எடுத்து வெச்சிருக்குன்னு சொல்லுங்க," என்று அளவுச் சங்கிலி பிடித்து நின்ற அளவையாளரிடம் சொன்னாள். அவரும் சொன்னார். மறுவாரம் அவன் கட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனான்.

விலங்குகளின் வழியில் கட்டடம் இருக்கக் கூடாது என்பது துறையின் விதி. முன்பாதியை ஓடு, நிலை, கதவு என்று ஒழுங்காகப் பிரித்தெடுத்துத் தரைமட்டமாக்கினார்கள். திறந்து கிடந்த தன் பக்கத்தை அவள் செங்கல் வைத்து அடைத்தாள். கோடையில் மான்கள் இறங்கி வந்தன. முன்வாசல் இருந்த இடத்தில் நின்றன. எதிரே சுவர். நின்றது நின்றபடியே இருந்தன. பெண் மான்கள் எல்லாம் சினை. ஏரிக்கரை நாணலுக்குள் போய்விட்டால் குட்டிகளுக்குப் பயமில்லை. வெட்டவெளியில் ஈன்றால் தெரு நாய்கள் ஒன்றைக்கூட விட்டுவைக்காது. அதிகாரி தொட்டியில் தண்ணீர் வைத்தார். ஆட்களை விட்டு நாய்களைத் துரத்தினார். நிலத்தைக் காப்பாற்றப் போய் வழியை இடித்துவிட்டோம் என்பது அவருக்கு மூன்றாம் நாள் புரிந்தது. மேலிடத்தில் திட்டு வாங்கிக்கொண்டு, பிரித்த ஓடுகளையும் நிலையையும் கதவையும் வைத்தே முன்பாதியைத் திரும்பக் கட்டினார். மான்கள் வாசல்படிவரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் வெளியே நின்றன.

"முன்பாதி பழைய மாதிரியே இருக்கே. சுவரை எடுக்க இன்னும் என்னம்மா குறை?" என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார் அதிகாரி.

மிஷின் சத்தம் நின்றது. "ஆள் குறையுது," என்றாள் மனைவி.

அதிகாரி பணிமனைக்குப் போனார். ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றிடம் விவரம் சொன்னார். கால்கள் அசையாமல் கேட்டன.

"அவ கூப்பிட்டாளா மேடம்?"

"மான் நிக்குதுங்க."

"மான் நிக்கும். அவ கூப்பிட்டாளா?"

அதிகாரி ஜீப்பைத் திருப்பினார். மனைவி துணியிலிருந்து தலையைத் தூக்காமல், வரச் சொல்லிக் கூப்பிட மாட்டேன், வந்தால் துரத்தவும் மாட்டேன் என்றாள். அதிகாரி மறுபடியும் பணிமனைக்குப் போய் அதை ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்தார். டிரைவர்கள் டீ கிளாஸோடு சுற்றி நின்று கேட்டார்கள். வீட்டுக்கு வீடு வாசப்படி, இதில் துறைக்கு என்ன வேலை என்றார் ஒருவர். இதுதான் இப்போதைக்குத் துறையின் வேலை என்றார் அதிகாரி.

"துரத்த மாட்டேன்னா சொன்னா?" மெக்கானிக் வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் கிரீஸ். "அந்த வார்த்தையவா சொன்னா?" என்று இன்னொரு தரம் கேட்டான். பிறகு கைதுடைக்கும் துணியைத் தேடினான்.

சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கி நொண்டிக்கொண்டே நடந்தான். மான்கள் ஒதுங்கி வழிவிட்டன. உள்ளே போய்ச் சுவர் அருகே நின்றான்.

"முட்டி வலிக்குது," என்றான் அவன். "ரெண்டு வருஷமா. சைக்கிள் மிதிக்க முடியல. அதான் போட்டேன் கையெழுத்த."

"அத அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"நீ மிஷின்ல இருந்த."

"மிஷின்ல காதையுமா வெச்சுத் தைக்கிறேன்?"

அதிகாரி வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே செங்கல் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமிருந்தும் எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவு திறந்ததும் முதல் மான் படியேறியது. இருட்டுவதற்குள் கூட்டம் முழுவதும் போய்விட்டது. மறுநாள் காலையில் நாணலுக்குள் குட்டிகள் இருந்தன.

அதன் பிறகு நிலங்கள் மறுபடியும் கைமாறின. முன்பாதி அவனுக்கே திரும்பியது. டவுன் மனையில் அவன் கட்டிய சிறு வீட்டைத் துறை எடுத்துக்கொண்டது. அதில் அதிகாரி குடியேறினார். அவர் ஜீப் தினமும் காலையில் ஏரிக்குப் போகும் என்பதால் திரும்புகிற வழியில் மெக்கானிக்கைப் பணிமனையில் இறக்கிவிடும். கணவனும் மனைவியும் மான்களின் வாழிடத்தைச் சேர்ந்தவர்கள் என்று துறை அறிவித்தது. மேலிடத்திலிருந்து யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் அதிகாரி ஆய்வுக்கு வருவார். ஏரியின் நீர்மட்டத்தைப் பார்ப்பார், நாணலைப் பார்ப்பார், அப்புறம் அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார். அவர்கள் ஒருவரையொருவர் நேராகத் திட்டிக்கொண்டால் கவலையில்லை. தன் வழியாக ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினால்தான் டீ ஆறும்வரை உட்கார்ந்திருப்பார். போன முறை, கட்டிலை நிமிர்த்தும்போது மிஷினில் இடித்ததற்காக அவள் அவனை நன்றாக ஏசிக்கொண்டிருந்தாள். அதிகாரி நிம்மதியாகக் கிளம்பினார். வாசலில் மான்கள் வந்து நின்றிருந்தன. அவர் முதலில் அவற்றை உள்ளே விட்டார்.