வலிக்காத இடம்

எங்கள் அண்ணி கற்றாழைக்குக் கோயில் கட்டாத குறை. சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு தொட்டி தொட்டியாக வளர்த்திருந்தாள். முகப்பருவா, கற்றாழை. முடி கொட்டுகிறதா, கற்றாழை. ஒருமுறை என் விரலில் எண்ணெய் தெறித்தபோது அவள் தடவிய கற்றாழைச் சோறு தழும்பில்லாமல் ஆற்றியது உண்மைதான். ஆனால் அது கடுகளவு கொப்புளம்.

அண்ணனும் நானும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. லாட்ஜ் படுக்கைவிரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அண்ணன் ஈர விரிப்பைச் சூடான உருளைகளுக்குள் விடுவான். நான் மறுபக்கம் வாங்கி மடிப்பேன். அன்றைக்கு ஒரு விரிப்பு சுருட்டிக்கொண்டது. நீவிவிடப் போனவனின் வலது கையையும் உருளை சேர்த்து இழுத்துக்கொண்டது. மிஷினை நிறுத்தி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மணிக்கட்டுக்கு மேலே சிவந்து கொப்பளித்திருந்தது. விரல்களும் புறங்கையும் வெள்ளை வெளேரென்று அவித்த மாதிரி இருந்தன.

"ஆஸ்பத்திரிக்கு வா" என்று இழுத்தேன்.

"போடி வாலு. அங்க போனா வெட்டித்தான் அனுப்புவாங்க. வீட்லயே ஒரு டாக்டரம்மா இருக்கா, போதும்."

அண்ணி மடலைச் சீவி, மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றைக் கழுவித் தேனோடு குழைத்துப் பூசினாள். கொப்புளத்தில் பட்டதும் அண்ணன் அலறினான். புறங்கையில் பூசும்போது சத்தமே இல்லை.

"இங்க எப்படிங்க இருக்கு?"

"வலி போன இடம் தெரியலடி!"

அப்போது அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வலிக்கவில்லை என்பவனிடம் என்ன வாதாட?

காலையும் மாலையும் பூச்சு நடந்தது. சிவந்த இடம் ஆறிப் புதுத்தோல் கண்டது. வெள்ளை இடம் பழுப்பாகி, பழைய செருப்பு மாதிரி விறைத்தது. "பொருக்கு கட்டுது, நல்ல குணம்" என்றாள் அண்ணி. பிறகு நாற்றம் வந்தது. தேன் கெட்டிருக்கும் என்று தேனை மாற்றினாள். குளிர்ஜுரத்தில் அண்ணனுக்குப் பல் கிட்டிய பிறகுதான் என் பேச்சு அம்பலம் ஏறியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி முனையால் புறங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"குத்துறது தெரியுதா?"

"இல்லீங்க." அந்தக் காய்ச்சலிலும் அண்ணன் முகத்தில் பெருமை. "எல்லாம் இவ கைவைத்தியம், சார்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "மேலாப்பல வெந்தாத்தாங்க வலிக்கும். ஆழமா வெந்தா நரம்பே செத்துடும், வலி தெரியாது. அன்னைக்கே வந்திருந்தா வேற தோல் வச்சு ஒட்டியிருக்கலாம். இப்போ சீழ் எலும்பு வரைக்கும் இறங்கிடுச்சு. மணிக்கட்டோட எடுத்தாத்தான் உயிர் பிழைக்கும்."

"நான் பூசினதாலயா, டாக்டர்?" என்று கேட்டாள் அண்ணி.

"அது ஒண்ணும் பண்ணலம்மா. நாள்தான் போயிடுச்சு."

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். வழியெல்லாம் அண்ணியைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். இப்போது அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அண்ணி அந்தக் கையை மடியில் எடுத்து வைத்து, சுண்டுவிரலை அழுத்தினாள்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

அடுத்த விரல். "இங்கயாவது?"

"இல்லடி."

இத்தனை நாளும் அந்த 'இல்ல'வைக் கேட்டு மலர்ந்தவள், இப்போது கேட்கக் கேட்கக் குறுகிப்போனாள். "கொஞ்சங்கூடவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அவன் முகத்தையே பார்த்தபடி கட்டைவிரல் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"ஆ! வலிக்குதுடி!" என்று அண்ணன் கத்தினான்.

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "டாக்டர்! வலிக்குதாம்! உயிர் இருக்கு, டாக்டர்!" என்று கட்டில்களுக்கு நடுவே ஓடினாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவள் விரல் அவன்மேல் படவே இல்லை.

"சொல்லிடாத, வாலு" என்றான்.