நைஸாக அரைத்த சுண்ணாம்பு

புஷ்பவல்லிக்குச் சுண்ணாம்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரியலூரில் காளவாய்க்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவள். அண்ணன் பழனிவேல் இன்றைக்கும் அந்தக் காளவாயில்தான் சுண்ணாம்புக்கல் சுடுகிறான். அப்பேர்ப்பட்டவள் போயும் போயும் சுண்ணாம்பிலேயே கோட்டை விட்டாள் என்றால் கூத்தா இல்லையா?

பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் ஆய்வகத்தில் கழுவித் துடைத்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. 2006-ஆம் வருஷம் லப்பைக்குடிக்காட்டுப் பெண் ருமைசா அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தபால்தலை அளவு கண்ணாடிச் சில்லில் ஏதேதோ மருந்தைப் படலம் படலமாகப் படியவைத்து, கரண்ட் கொடுப்பாள். பச்சைப் பசேலென்று எரியும். இனிமேல் செல்போன் திரையெல்லாம் இப்படித்தான் வரப்போகிறது என்பாள். எரிவது பெரிதில்லை, எரிந்த வெளிச்சம் அப்படியே நிற்க வேண்டுமே! இரண்டே நாளில் கறுப்புப் புள்ளி விழுந்து மங்கிவிடும். அதனால் மேலே ஒரு கண்ணாடி மூடி வைத்து, ஓரத்தைப் பசையால் அடைப்பாள். மூடிக்குள்ளே ஒரு சிட்டிகை சுட்ட சுண்ணாம்புப் பொடி வைப்பாள்.

சுட்ட கல்லை அண்ணனிடம் வாங்கிவந்து பொடி பண்ணிக் கொடுப்பது புஷ்பவல்லியின் பொறுப்பு. அது எதற்கு என்று அவள் கேட்டதில்லை. படித்தவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே.

முதல் தடவை இரும்புரலில் போட்டு இடித்துக் கொடுத்தாள். அந்தச் சில்லு நூறு மணி நேரம் எரிந்தும் முக்கால் வெளிச்சம் அப்படியே நின்றது. ருமைசா குதித்த குதியில் மேஜையிலிருந்த பேனா கீழே விழுந்தது. புஷ்பவல்லிக்கோ உள்ளங்கை எரிச்சல் மூன்று நாளைக்குத் தணியவில்லை.

எதுக்கு இந்தப் பாடு என்று அடுத்த தடவை கல்லின்மேல் நாலு கை தண்ணீர் தெளித்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லா வீட்டிலும் செய்வதுதான். கல் புகைந்து, வெடித்து, தானாக மாவாய் உதிர்ந்தது. காயவைத்துச் சலித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

"யா அல்லாஹ், எவ்ளோ நைஸா அரைச்சிருக்கீங்க அக்கா! மைதா தோத்துப்போயிடும்!" என்றாள் ருமைசா.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பெண். இவளும் பாராட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு சில்லாவது உருப்பட வேண்டுமே! ஆறு வாரத்தில் பதினோரு சில்லு போயிற்று. பேராசிரியர் அரங்கநாதன், "மொத தடவை வந்தது குருட்டாம்போக்கு போலருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிற திங்கட்கிழமை வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. நூறு மணி நேரம் நிற்கும் சில்லைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டும்.

திங்களுக்கு ஒரு வாரம் முன்பு, சாயங்காலம், ருமைசா கையைக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கையிலதான் கோளாறு அக்கா. மூடியை ஒழுங்கா ஒட்டத் தெரியல. எங்க வீட்டுக்காரர் ஷார்ஜாவுல விசா எடுத்து வச்சிருக்காரு. முடிச்சிட்டு வரேன்னு நான்தான் கெஞ்சி நின்னேன். இனிமே எந்த முகத்தோட நிக்கிறது? கெளம்பிட வேண்டியதுதான்."

"ஒட்டுறதுல என்ன பாப்பா இருக்கு?"

"எப்படி அடைச்சாலும் துளி ஈரம் உள்ள போயிடும் அக்கா. அந்த ஈரத்தைக் குடிக்கத்தானே சுண்ணாம்பே வைக்கிறோம்."

அப்போதுதான் புஷ்பவல்லிக்கு உறைத்தது. ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்த சுண்ணாம்பு இன்னும் என்னத்தைக் குடிக்கும்? அட பாவி, நாலு கை தண்ணியை நீயே காட்டிட்டியேடி! அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவளுக்குக் காற்று போதவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அந்தப் பெண் தன் கையைத் திட்டிக்கொண்டே விமானம் ஏறும்.

விடிந்ததும் நேரே காளவாய்க்குப் போனாள். அண்ணன் அப்போதுதான் காளவாயைப் பிரித்து எடுத்த கல்லைச் சூட்டோடு நெய் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றிக் கொடுத்தான். வழியெல்லாம் மழை. குடையை டின்னுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள். சொட்டச் சொட்ட ஆய்வகத்துக்குள் வந்து நின்றாள்.

"பாப்பா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். அது அரைச்ச பொடியில்ல, தண்ணி தெளிச்சு நீத்துனது. கை எரியுதேன்னு செஞ்சேன். நீ நைஸா இருக்குன்னதும் சொல்ல வாய் வரல."

ருமைசா எழுந்தாள். திட்டப் போகிறாள் என்று புஷ்பவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப... எங்கை சரியாத்தான் இருக்கா அக்கா?"

"ஒங்கைக்கு என்ன கேடு? கேடெல்லாம் எங்கையிலதான்."

ருமைசா அவளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். ஆறு வாரத்து அழுகை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டின்னைப் பிரிங்க, நேரமில்ல" என்றாள். புஷ்பவல்லி கையில் உறையை மாட்டிக்கொண்டு இடித்தாள்.

புதன்கிழமை காலையில் சில்லு எரியத் தொடங்கியது. ஞாயிறு மத்தியானம் நூறு மணி நேரம் தாண்டியும் வெளிச்சம் அளக்கும் மீட்டர் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

திங்கட்கிழமை குழுவில் வந்த பெரியவர் ஒருவர், மீட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு டப்பாவிலிருந்த பொடியைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"எல்லாம் சரி, பொடி இவ்வளவு கரகரன்னு இருக்கே. நைஸா அரைக்க இங்க ஆளில்லையாம்மா?"

கதவோரம் நின்ற புஷ்பவல்லி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இருக்காங்க சார். மைதா மாதிரி பண்ணித் தர இந்த அக்காவுக்குத் தெரியும்," என்றாள் ருமைசா. "எனக்குக் கரகரன்னுதான் வேணும்னு நான்தான் கேட்டிருக்கேன்."

பெரியவர் அதையும் குறித்துக்கொண்டார். புஷ்பவல்லி அவர்களுக்கு டீ எடுத்துவரப் போனாள். பாதி வழியில் நின்று, காப்புக் காய்த்த தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.