கன்றுக்கு யாரும் எதுவும் போடாதீர்கள்

தப்பு உங்கள் மேல்தான். கன்றின் மேல் இல்லை, அதற்குத் தீனி போட்டவர்கள் மேலும் இல்லை. மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா குரலை மட்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்பி, ‘நம் கம்பெனியில் ஏன் எதுவுமே நகர மாட்டேன் என்கிறது?’ என்று கேட்கிறீர்களே முதலாளி, உங்கள் மேல்தான். கேட்பதற்கு முன்னால் வாசலுக்கு வெளியே என்ன நிற்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

உங்கள் பம்பு கம்பெனியில் எல்லா முடிவுகளும் கன்றுக்குட்டியாகத்தான் பிறக்கின்றன. ஒன்றை மாற்றியே தீர வேண்டும் என்று யாராவது வயிறு எரிந்து நினைத்தால், மறுநாள் காலை அவருடைய மேஜைக்கடியில் ஈரம் காயாத கன்று ஒன்று நிற்கும். அதைப் படி வழியாக மாடி மாடியாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தந்த மாடியின் பொறுப்பாளர் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அது அடுத்த படியில் கால் வைக்கும். கடைசியில் உங்கள் அறைக்குள் வந்து நின்று, நீங்கள் அதன் நெற்றியில் கை வைத்துவிட்டால் போதும், முடிவு அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிடும்.

சிக்கல் தீனியில் இருந்தது. படியேறி வந்த உயிரை வெறும் வயிற்றோடு அனுப்ப யாருக்கும் மனசு வராது. அதைவிட, நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால், ‘உங்க மாடியில ஒரு பிடிகூடப் போடலையா?’ என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம். எனவே தரக்கட்டுப்பாட்டில் புண்ணாக்கு வைப்பார்கள். கணக்குப் பிரிவில் சோளத்தட்டு. சட்டப் பிரிவில் பருத்திக்கொட்டையை ஊற வைத்து ஆட்டியே வைத்திருப்பார்கள். தின்னத் தின்னக் கன்று வளரும். கன்று வளர வளர முடிவும் வளரும். உங்கள் கதவு மட்டும் வளராது.

காங்கேயம் டெப்போவின் சென்னியப்பனுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் படித்து வந்தவர் இல்லை. இளவயதில் மாட்டுச் சந்தையில் தரகு பேசியவர். மயிர்ச்சுழி தப்பிய, ராசியில்லாத மாட்டை நல்ல மாடென்று வாங்கி ஏமாந்து, அந்தக் கோபத்திலேயே தொழிலைக் கற்றுக்கொண்டவர். பிறகு உங்கள் பம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போய் விற்று, அந்த டெப்போவை ஒற்றை ஆளாக உண்டாக்கினார். கோபம் மட்டும் சந்தையில் இருந்தபடியே இருந்தது.

போன கோடையில் அவர் ஒரு கன்றை ஏற்றினார். பம்பில் இருக்கும் ரப்பர் வாஷரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பழைய வாஷர் வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி, கம்பிச்சுருள் கருகி, விவசாயி நடுவயலில் நின்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தான். கன்று இரண்டாம் மாடியைத் தாண்டும்போது, வாஷரோடு பம்பின் பெயிண்டையும் மாற்றும் முடிவாகியிருந்தது. நான்காம் மாடியில் அதற்குத் திமில் வந்தது. மேல்மாடிக்கு வந்தபோது அது கேரளாவில் ஒரு ரப்பர் தோட்டம் வாங்கும் முடிவாகி, கொம்பு இரண்டும் விட்டத்தில் இடிக்க, உங்கள் கதவுக்கு முன்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. உள்ளே நுழைய முடியவில்லை. கீழே இறங்கவும் முடியவில்லை. இப்போதும் அங்கேதான் நிற்கிறது.

இதற்குள் காங்கேயம் பக்கத்துப் பம்புக் கடைகள் ஒவ்வொன்றாகப் பல்லடம் ரோட்டு ஒர்க்‌ஷாப்காரனிடம் போய்விட்டன. அவனிடம் மாடி கிடையாது. காலையில் கன்று பிறந்தால் எழுந்து நிற்பதற்குள் நெற்றியில் கை வைத்துவிடுவான். மிஞ்சியது மாரக்காள் கடை ஒன்றுதான். மாரக்காள் சென்னியப்பனை நேரிலேயே கூப்பிட்டுச் சொன்னார்.

“ஏனுங் சென்னியப்பா, உங்க மூஞ்சிக்காக இத்தனை நாள் பொறுத்தேன். வர்ற சந்தைக்குள்ள புது வாஷர் வரோணும். வரலீன்னா உங்க கம்பெனி போர்டைக் கழட்டிக் கோழிக்கூண்டுக்கு மூடியாப் போட்டுருவேன்.”

“கூண்டும் ஒழுகுதுன்னு என்கிட்ட வராதீங்க அக்கா.”

“சிரிக்காதீங். நான் போனா உங்க டெப்போவும் போச்சு. தெரியுமில்ல?”

தெரியும். கடை இல்லாத டெப்போவை நீங்கள் பூட்டிவிடுவீர்கள். சென்னியப்பன் அன்றிரவு வயிறு எரியப் படுத்தார். காலையில் மேஜைக்கடியில் செவலைக் கன்று ஒன்று நின்று காதை ஆட்டியது. அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கன்றை ஆட்டோவில் ஏற்றி, தலைமை அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

முதல் மாடி தரக்கட்டுப்பாடு. பொறுப்பாளர் குப்புராஜ் கன்றைக் கண்டதும் புண்ணாக்குக் கூடையை இழுத்தார்.

“வாங்கண்ணா. ஐயோ, கன்னு இப்படி எளைச்சுக் கெடக்குதே!”

“எளைக்கல. அது அந்த அளவுதான். முதுகுல தட்டுங்க, போறோம்.”

“ஒரு பிடி...”

“ஒரு மண்ணும் வேண்டாம்!” என்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் அந்த மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உடனே குப்புராஜ் இரண்டு பிடி அள்ளினார். இவ்வளவு பேர் பார்க்கும்போது ஒரு பிடி எப்படிப் போதும்?

சென்னியப்பன் பாய்ந்து கன்றின் வாயைப் பொத்தினார். பொத்தியபடியே குப்புராஜின் கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் கன்றின் மேல் இல்லை. சுற்றியிருந்த மேஜைகளின் மேல் இருந்தது. சந்தையில் இந்தக் கண்ணை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். மாட்டை விட்டுக்கொடுக்க மனசு இருக்கும். விட்டுக்கொடுத்தான் என்று நாலு பேர் பார்த்துவிடக் கூடாது. அதற்காகத்தானே சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். போன தடவை மாடி மாடியாகக் கத்தியதற்குப் பதில் இதைச் செய்திருக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார். துண்டுக்குள் குப்புராஜின் இரண்டு விரலைப் பிடித்தார். இரண்டு பிடி. சென்னியப்பன் ஒரு விரலை மடக்கினார். குப்புராஜ் விரலை மறுபடி நிமிர்த்தினார். சென்னியப்பன் தன் முஷ்டியை அவருடைய உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கெட்டுப்போனால் பழி என்னுடையது.

“அப்புறம் ஒண்ணு,” என்றார் மெதுவாக. “இது போயிட்டு மறுபடியும் வரும். சாகுபடி ஒண்ணு முடியட்டும். வாஷர் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு அப்பப் போடுங்க உங்க புண்ணாக்கை. இன்னைக்கே எல்லாத்தையும் ஊட்டி அனுப்போணும்னு யாரு சொன்னா?”

“மறுபடியும் வருமா?”

“நான் கூட்டியாரேன்.”

குப்புராஜ் இரண்டு விரலையும் மடக்கினார். சுற்றியிருந்தவர்களுக்குத் துண்டு அசைந்தது தெரிந்தது, உள்ளே தீனி கைமாறியதா இல்லையா என்று தெரியவில்லை. போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். முதுகில் தட்டு விழுந்தது. கன்று படியேறியது.

கணக்குப் பிரிவில் அவர் நீட்டிய துண்டைத் துளசிமணி அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“ஏனுங்ண்ணா, பொம்பளை கையைத் துண்டுக்குள்ள விடச் சொல்றீங்களே, வீட்டுல அக்காளுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வெளக்கமாறுதான். நீங்க அந்த முனையைப் புடிங் அம்மிணி, நான் இந்த முனையைப் புடிக்கறேன். இழுப்புலயே பேசிக்கலாம்.”

துளசிமணி இழுத்தார். நல்ல இழுப்பு. சென்னியப்பன் விட்டுப் பிடித்தார். அந்த அம்மாள் மறுபடி இழுத்தார். துண்டின் கரை நூல் பிரிந்தது.

“ஒரு சோளத்தட்டாவது போடாட்டி எனக்குத் தூக்கம் வராதுங். இருவத்தஞ்சு வருசப் பழக்கம்.”

“அரைத் தட்டு.”

“முழுசா ஒண்ணு. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன், நீங்க கத்துனாலும் சரி.”

பேரத்தில் ஒன்றும் விடாமல் ஜெயிப்பவன் அடுத்த சந்தைக்கு ஆள் இல்லாமல் போவான் என்பதைச் சென்னியப்பன் அடிபட்டுத் தெரிந்துகொண்டவர். ஒற்றைச் சோளத்தட்டுக்கு ஒப்புக்கொண்டார். கன்று அதை மென்றது. ஒரு விரல்கடை வளர்ந்தது. முடிவு, வாஷரைக் கறுப்பு நிறத்தில் மாற்றும் முடிவானது. மாரக்காளுக்குக் கறுப்பில் ஆட்சேபம் இருக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார்.

சட்டப் பிரிவிலும் துண்டு வேலை செய்தது. ஆட்டி வைத்திருந்த பருத்திப்பாலை அவர்களே உட்கார்ந்து குடித்துக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த மாடியில் பொறுப்பாளர் ஓய்வு பெற்றுப் போன பின்பு இன்னும் யாரையும் போடவில்லை. அவருடைய நாற்காலிதான் மாடியைப் பார்த்துக்கொண்டது. அதுவும் தீனி போடுகிற நாற்காலி. காலடியில் தவிட்டு வாளி இருந்தது. சென்னியப்பன் அதன் கைப்பிடி மேல் துண்டைப் போட்டு உள்ளே கையை விட்டார். நாற்காலி கொஞ்சம் பிடிவாதம். வெகுநேரம் கழித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் முதுகால் கன்றின் முதுகை ஒரு இடி இடித்தது. அது தட்டுதான் என்று அந்த மாடியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

கடைசி மாடி முழுக்க மாடுகள். டீ நேரத்தைக் கால் மணி முன்னால் வைக்கும் முடிவு, மயிலைக் காளையாக நடைபாதையை அடைத்து நின்றது. அதன் கொம்பில் யாரோ டிபன் கேரியரை மாட்டியிருந்தார்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டும் முடிவு, பின்னால் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. ஊழியர்கள் வயிற்றுக்கடியில் குனிந்து போய்வந்தார்கள். சென்னியப்பனின் போன வருஷத்துக் காளை அவரைத் தெரிந்துகொண்டு முழங்கையை நக்கியது. “இருடா, வர்றேன்,” என்று அதன் தாடையைத் தடவிவிட்டு, செவலைக் கன்றை மாடுகளின் கால்களுக்கு நடுவில் நடத்திக்கொண்டு போய் உங்கள் கதவைத் தள்ளினார்.

கன்று தாராளமாக நுழைந்தது. இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது.

உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. கம்பெனி தொடங்கிய வருஷத்து ஐப்பசி மழை. உங்கள் அறையில் அது இன்னும் நிற்கவில்லை. தரை முழுக்கப் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மேஜையின் கால்கள் வேர் விட்டு, மூலையில் இரண்டு துளிர் விட்டிருந்தன. நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். சென்னியப்பன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினார்.

“ஐயா, காங்கேயம் டெப்போ. வாஷர் மாத்தறதுக்கு வந்திருக்கறேன். பம்பு ஒழுகுது.”

“ஒழுகுதா?” நீங்கள் குடைக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தீர்கள். “தெனமும் இந்த மழை பெய்யுது. யாருங்க பம்பு ஓட்டறாங்க?”

“எங்க ஊர்ல வெயிலுங்க.”

“அப்படிங்களா?” என்றீர்கள். பிறகு கன்றைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் இளகியது. “பாவம், வத்திக் கெடக்குது. நல்ல புல்லுங்க. முதல்ல ரெண்டு வாய் மேயட்டும். அப்புறம் கை வெச்சுக்கலாம்.”

ஒற்றைச் சோளத்தட்டில் அத்தனை மாடி ஏறிய கன்று தலையைக் குனிந்தது. நாக்கு புல்லைத் தொடுவதற்குள் சென்னியப்பன் அதன் நான்கு கால்களையும் சேர்த்து அள்ளித் தோள்மேல் போட்டுக்கொண்டார். அது கத்தியது. உதைத்தது. அவருடைய சட்டைப் பொத்தான் தெறித்துப் புல்லில் விழுந்தது. மழைத்தண்ணீர் கன்றின் வாலில் இறங்கி அவருடைய காதில் ஒழுகியது. அவர் நகரவில்லை.

“இங்க ஒரு வாய் மேஞ்சா இது அந்த வாசலைத் தாண்டாதுங்க. வெளிய நிக்கறதுங்க எல்லாம் இப்படித்தான் நின்னு போச்சு. நான் எத்தனை மாடி பேசி இதை இந்த அளவுலயே கொண்டாந்திருக்கறேன், தெரியுங்களா? ஒருத்தரும் கெட்டவங்க இல்லீங்க. எல்லாரும் உங்களுக்குப் பயந்து போட்டாங்க. அதைப் போடாதீங்கன்னு சொல்ல வேண்டிய வாய் ஒண்ணுதான். அது இங்க குடைக்கடியில இருக்குது.”

மேஜையின் மூலையில் மூன்றாவது துளிர் விட்டது. சென்னியப்பன் இடது கையால் அந்தத் துளிரை ஒதுக்கிவிட்டு, கன்றின் நெற்றி உங்களுக்கு நேராக வரும்படி முன்னால் குனிந்தார்.

“கையை வையுங்க. இப்பவே வையுங்க. வெச்சுட்டு, எந்திரிச்சு என் பின்னால படியிறங்கி வாங்க. மாடிக்கு மாடி நின்னு, கன்னுக்கு யாரும் எதுவும் போடாதீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லீட்டு, வெயில்ல நடந்து மாரக்காள் கடைக்கு வந்து, அந்த வாஷரை உங்க கையாலயே மாட்டிக் குடுங்க. நீங்க பண்ணி வெச்ச கோளாறு. நீங்கதான் சரி பண்ணோணும். நான் எறக்கி வெக்க மாட்டேன், தூக்கீட்டே நிக்கறேன். வையுங்க கையை.”