ஆறு வீட்டுப் பிரியாணித் தண்ணீர்

பட்டினப்பாக்கம் மீன் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில், ஓர் ஆடி மாதம் முதல் ஆறு வீட்டு போர்வெல்லிலும் பிரியாணி வாசனையுள்ள தண்ணீர் வந்தது. மோட்டார் போட்டதும் பட்டை, கிராம்பு. தொட்டி பாதி நிறையும்போது புதினா. கடைசியில் தம் உடைத்த வாசனை. பூனைகள் மீன் கடைகளை விட்டுவிட்டுக் குழாயடியில் உட்காரத் தொடங்கின. நிறத்தில் குறையில்லை என்பதால் யாரும் புகார் கொடுக்கவில்லை. சாந்தோமிலிருந்து சிலர் குடத்தோடு வந்ததாகச் சொல்கிறார்கள். அது மிகையாக இருக்கலாம்.

வாசனை யாருடையது என்பதில் சந்தேகமில்லை. காய்ந்த ரோஜா இதழை மசாலாவில் சேர்த்து அரைப்பவர் அந்த வட்டாரத்தில் அப்துல் கய்யூம் ஒருவர்தான். கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுப்பவர். கோழித்தோல், குடல், அடிப்பிடித்த சோறு எல்லாவற்றையும் பல வருடங்களாகச் சந்தின் கடைசியில் உள்ள காலி மனையில் கொட்டிவந்தார். மற்றவர்களும் கொட்டினார்கள், கொஞ்சமாக. குப்பை வண்டி காலையிலேயே வந்து போய்விடும்; கல்யாணச் சமையல் முடிய மதியமாகும். மறுநாள்வரை வைத்திருந்தால் வீடு நாறும் என்பது அவருடைய நியாயம்.

மீன் விற்கும் கெங்கம்மா மட்டும் நேராகக் கேட்டாள். “இன்னா பாய், எங்கூட்டுத் தண்ணில சீரக சம்பா வாசன வருது. பீஸெல்லாம் கல்யாணத்துக்கு, கழுவுன தண்ணி எங்களுக்கா?”

“டிரெய்னேஜ் ஒடஞ்சி கீதும்மா,” என்றார் கய்யூம். “ஆபீஸ்ல சொல்லிக்கினுதான் கீறேன்.”

“டிரெய்னேஜுக்கு யாரு நைனா ரோஜாப்பூ போட்டது?”

சந்தே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஐப்பசி மழையில் காலி மனை குளமாகி வடிந்தது. அதன் பிறகும் வந்தது அதே பிரியாணிதான், ஆனால் நாள்பட்டது. அழுகிய தோலின் நாற்றத்துக்கு மேல் ரோஜா மிதந்தது. கெங்கம்மாவின் மகள் ஜான்சியின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடிநீர் வாரியத்தார் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்த தாளில், வாசனை என்ற இடத்தில் ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று மட்டும் இருந்தது. பிரியாணி என்று எழுத அவர்களுக்கு வழியில்லை போலும்.

குழந்தை பிழைத்து வீடு வந்தது. அன்றே கய்யூம் கொட்டுவதை நிறுத்தினார். மகன் தௌசீஃபோடு மனையைத் தோண்டி, கறுத்த மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பினார். அந்த மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் மாறவில்லை. நிலத்துக்குள் இறங்கியது இறங்கியதுதான்.

பள்ளிவாசல் போரிலும் வாசனை வந்தபோது, பாங்கு சொல்லும் மோதினார் மெஹபூப் அலி தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார், நாக்கில் வைத்தார், முகர்ந்தார். அசுத்தத்தால் நிறம், ருசி, வாசனை மூன்றில் ஒன்று கெட்டாலும் அந்தத் தண்ணீரில் கை கால் முகம் கழுவி ஒளு செய்து தொழ முடியாது. “லாரித் தண்ணி வரட்டும், எல்லாரும் கொஞ்சம் பொறுங்க,” என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை. காய்ந்த கைகளோடு நின்றவர்கள் கய்யூமைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டதைக் கய்யூம் பார்த்தார்.

நோன்பு மாதம் வந்தது. நோன்புக் கஞ்சி காய்ச்சிச் சந்து முழுவதற்கும் கொடுப்பது அவர் வழக்கம். அவருக்கு அங்கிருந்த மரியாதையே அதுதான். கேன் தண்ணீர் வாங்கினார். அவர் கை பட்டதும் கேன் தண்ணீரும் நாறியது. முதல் நாள் ஒரு வீட்டிலிருந்தும் தூக்குவாளி வரவில்லை. ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவர் வீட்டில் விருந்தாளி. எல்லாமே மரியாதையான காரணங்கள்.

“திட்டியிருந்தாகூடப் பரவால்ல,” என்றார் அவர்.

“எப்படித் திட்டுவாங்க?” என்றாள் மனைவி ஷகீலா, அண்டாவை மூடிக்கொண்டே. “பாதிப் பேரு உங்க கஞ்சி குடிச்சு வளந்தவங்க.”

மறுநாள் பிற்பகல் கய்யூம் கெங்கம்மா வாசலில் போய் நின்றார். அவள் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“டிரெய்னேஜ் இல்லம்மா. நான் கொட்டுனதுதான்.”

“தெரியும்,” என்றாள் நிமிராமல். “கொயந்த ஆஸ்பத்திரில கெடக்கசொல்லவே நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன்.”

அவள் மீதி மீனையும் முடித்து, கை கழுவி, லாரியில் பிடித்துவைத்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள். அண்டாவைத் திறந்தாள்.

“நானே ஊத்துறேன். நீ தொடாத.”

அன்றைய கஞ்சியில் கஞ்சி வாசனை மட்டுமே இருந்தது. சாயங்காலம் ஜான்சி தூக்குவாளியோடு வந்தாள்; அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள்.

இப்போது வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்களிடம் புரோக்கர்கள், போர் உண்டு, பிரியாணித் தண்ணீர், வாசல் கழுவ மட்டும் ஆகும் என்று சொல்லிவிடுகிறார்கள். நோன்பு மாதத்தில் வீட்டுக்கு ஒரு குடம் லாரித் தண்ணீர் கய்யூம் வீட்டுக்கு வருகிறது. கொண்டுவந்தவரே ஊற்றுகிறார். ஊற்றி முடியும்வரை கய்யூம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்கிறார். அந்தச் சந்தில் வளரும் பிள்ளைகள், கஞ்சி காய்ச்சுவதென்றால் ஒருவர் அப்படி நிற்கவேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.