தாழிக்கு அண்ணன் மகள்

எங்கள் அருங்காட்சியகத்தில் உறவினர் வந்து பேசாத பொருள் மூன்று வாரத்தில் இறந்துவிடும். அதனால் சொந்தபந்தம் இல்லாத பொருள்களுக்கு உறவினராக இருக்க ஆள் எடுத்தார்கள். மானுடவியலில் எம்.ஏ., ஆய்வேடு உறவுமுறைகளைப் பற்றி என்றதும் நேர்காணலில் வேறெதுவும் கேட்கவில்லை. பிஎச்.டி.க்கு ஓராண்டு அருங்காட்சியக அனுபவம் தேவைப்பட்டதால் மறுநாளே சேர்ந்துவிட்டேன்.

வேலை எளிது. ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்று, முறை சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். செப்பேடுகளுக்கு நான் சின்ன மருமகள். வெண்கல மணிக்கு நாத்தனார். மணி கடைசிவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதுவும் முறைதான்.

மூன்றாம் கூடத்து முதுமக்கள் தாழியை மட்டும் நானே கேட்டு வாங்கி, அத்தை என்று பதிவேட்டில் எழுதினேன். எம்.ஏ.வில் அவரவர் குடும்பத்தின் உறவுப்படம் வரையச் சொன்னார்கள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்கு முக்கோணம். மற்றவர்கள் தாளோடு தாள் ஒட்டி வரைந்தார்கள். இறந்தவர்களைக் கோடு போட்டு அடித்தபின் என் தாளில் ஒரே ஒரு வட்டம் மிஞ்சியது. சுத்தமாக இருக்கிறது என்று பேராசிரியர் முழு மதிப்பெண் போட்டார். எனக்குத் தனியாக இருந்து அலுத்துப்போயிருந்தது. தினமும் மதியம் அத்தையிடம் போய்விடுவேன். ஹாஸ்டல் சாம்பார், பிஎச்.டி. கைடின் கோபம், ஒன்று விடாமல் சொல்வேன். அத்தை கேட்டுக்கொண்டிருப்பாள்.

வினை பீரங்கியால் வந்தது. வாசல் புல்தரையில் அது வெயிலில் கிடந்தது. சக்கரம் இருந்தும் படியேற முடியாது என்பதால் யாரும் அதை உள்ளே கூப்பிட்டதில்லை. பாவமாக இருந்தது. தாழி கிடைத்த குழிக்குப் பக்கத்திலேயே பீரங்கியும் கிடைத்ததாகப் பழைய பதிவேடு சொன்னது. தாய் என்ற இடத்தில் தாழியை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

காப்பாட்சியர் எஸ்தர் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"தாழி உனக்கு அத்தை. அத்தைக்குப் பையன்னா உனக்குக் கட்டிக்கிற முறை. இது தெரியாமலா எம்.ஏ. முடிச்சே?"

என் மூளை எங்கே போயிருந்ததோ. பதிவேட்டில் எழுதியதை அடிக்க விதியில்லை. சரி, கட்டிக்கொள்கிறேன் என்றேன். பீரங்கியைக் கேட்டார்கள். தற்காலிகப் பணியில் இருக்கும் பெண் வேண்டாம் என்று அது எழுதிக்கொடுத்தது. அதைக் குறை சொல்ல முடியாது, என் ஒப்பந்தம் மார்ச் வரைதான்.

பெண்ணை வேண்டாம் என்ற பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் மூன்றாம் கூடத்துக்குள் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. தாழிக்கு வேறு உறவினர் போடப் பணியிடம் இல்லை, மகனாலோ படியேற முடியாது. என்னை நாணயங்களுக்குச் சித்தியாக்கினார்கள். எழுநூறு பேரையும் விசாரித்து முடிக்கவே மதியமாகிவிடும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் செல்லுமா என்று மேடத்திடம் கேட்டேன். செல்லாது, குரல் கேட்க வேண்டும் என்றார்.

"ஒரே ஒரு தடவை மேடம். சாப்பிட்டாச்சான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் ஆய்வேட்டிலேயே அறுபத்திரண்டாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். அந்த மாதிரி வீடுகள் பேசிக்கொள்ளவே கூடாது என்று நானே எழுதியிருந்தேன். அடிக்குறிப்பு வேறு.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விசிட்டர் வந்திருப்பதாக வார்டன் சொல்லி அனுப்பினார். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஈரக் கையோடு இறங்கிப் போனேன். கேட்டுக்கு வெளியே பீரங்கி நின்றது. பேச்சு நின்றுபோன வீடானாலும் சாவுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் அத்தையை எடுக்க மாட்டார்களாம். பிறந்த வீடு என்று இருப்பது நான் ஒருத்திதான்.

அங்கேயே நின்று அழுதேன். பீரங்கி குழலைத் தாழ்த்திக்கொண்டது. வார்டன் நோட்டை நீட்டினார். உறவு என்ற இடத்தில் அத்தை மகன் என்று எழுதினேன். ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார்.

போகிற வழியில் ஜவுளிக்கடையில் நிறுத்தினோம். மாம்பழ நிறத்தில் எடுக்கலாம் என்றேன்.

"அம்மாவுக்குப் பச்சைதான் பிடிக்கும்" என்றது பீரங்கி.