வெர்லினின் உப்புக் கட்டி

கொட்டகைக்குப் பின்னால் துப்பாக்கி வெடித்தது.

டை கட்டிக்கொண்டிருந்த லைல் அப்படியே ஓடினான். மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு சர்ச்சில் அப்பாவின் அடக்க ஆராதனை.

அக்கா கார்லீன் கறுப்பு உடைக்கு மேல் ஆரஞ்சு வேட்டைக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக நின்றாள். அவள் எதிரே, அப்பா வெர்லின் முப்பது குளிர்காலமாக மான்கள் நக்குவதற்கு வைத்து வந்த உப்புக் கட்டி. அதன் பக்கத்தில் ஒரு கொம்பு மான் சரிந்து கிடந்தது. விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. வாயெல்லாம் எச்சில்.

"இன்னிக்குமா அக்கா? அப்பா இன்னும் பெட்டியில இருக்காரு!"

"வேட்டை சீசன்தானே, லைசென்ஸ் இருக்கு. என்னைப் பாத்தும் ஓடலைடா. குடிகாரன் மாதிரி ஆடிக்கிட்டு நின்னுச்சு." அவள் கத்தியை எடுத்தாள்.

"தலையை எதுக்கு வெட்டுற?"

"டெஸ்ட்டுக்கு."

"மானுங்களைக் கொல்லுற அந்த மூளை நோய்னு வந்தா? வெர்லின் போட்ட சோளத்துலயும் உப்புலயும்தான் பரவுச்சும்பாங்க. ஊரே அவருக்காக வருது. பேசாம பள்ளத்துல தள்ளிடுவோம்."

"தள்ளு. நரி இழுத்துப் போடும், அந்த மண்ணுல முளைச்சதை அடுத்த மான் மேயும். ஒரே கட்டியை முப்பது மான் நக்குது. எச்சில், மூத்திரம் எல்லாம் இங்கதான். வருஷக்கணக்கா கிடந்தாலும் அந்த நோய் மண்ணுல சாகாது."

"பாசத்துலதான் வச்சாரு."

"இல்லேன்னு யாரு சொன்னா?"

மானின் உடலைத் தார்ப்பாயில் சுற்றிவிட்டு, உப்புக் கட்டியைச் சாக்கில் கட்டி, தலையோடு சேர்த்து டிரக்கின் பின்னால் எறிந்தாள். சமையலறை ஜன்னலில் அம்மா அர்டிஸ் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரக்கில் அம்மா நடுவில் உட்கார்ந்தாள். மடியில், ஆராதனைக்குப் பிந்தைய சாப்பாட்டுக்கான உருளைக்கிழங்குத் தட்டு.

நாற்சந்தியில், வேட்டைக்காரர்கள் நோய்ப் பரிசோதனைக்காக மான் தலையைப் போடும் இரும்புப் பெட்டி. கார்லீன் பிரேக் போட்டாள்.

"அக்கா, நேரமாச்சு. எல்லாரும் பாத்துட்டுப் போறாங்க."

"பாக்கட்டும்."

ஒரு கார் வேகம் குறைத்தது. இரத்தம் காயாத கையையே உயர்த்தி அசைத்தாள். தலையைப் பெட்டிக்குள் தள்ளினாள். டிரக்கின் பானெட் மேல் படிவத்தை வைத்து எழுதத் தொடங்கினாள். சுட்டவர் பெயர். தேதி. சுட்ட இடம்.

லைல் இறங்கி வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டான். "ஆத்தங்கரைன்னு போடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். இன்னிக்கு ஒரு நாள் அவரு நல்ல பேரோட போகட்டும்."

முதல் முறையாக கார்லீனின் கை நின்றது.

டிரக்கின் கண்ணாடி இறங்கியது.

"நம்ம பண்ணைன்னே எழுதுடி," என்றாள் அம்மா. "போன வருஷம் அவரு சுட்ட மானுக்கு இதே நோய்னு கடிதாசு வந்தப்போ, அதை அடுப்புல போட்டவரு அவரு. பாத்துக்கிட்டு சும்மா இருந்தவ நான்."