படையலுக்கு வைத்த பாட்டில்

விஸ்கி விஷயத்தில் வளவனிடம் வாயைக் கொடுத்து யாரும் மீள முடியாது. கன்டோன்மென்ட்டில் ஒரு நட்சத்திர ஓட்டல் பாரில் ஆறு வருஷமாக ஊற்றிக் கொடுக்கிறவன். எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் சேரும் காக்டெயிலுக்கு நடுத்தர விஸ்கியே போதும், குறையெல்லாம் அதில் அமுங்கிவிடும். விலை உயர்ந்த சிங்கிள் மால்ட் விஸ்கியை மட்டும் எதுவும் கலக்காமல் மெல்ல உறிஞ்ச வேண்டும் என்பான். அதற்குக் கோலா கேட்கிற ஆசாமியை, மரியாதை குறையாமல் மனம் மாற்றிவிடுவான்.

அவன் அப்பா காத்தான் சரக்குக் கிடங்கில் முப்பது வருஷம் பெட்டி தூக்கியவர். குடித்ததென்னவோ மலிவுச் சரக்கு, அதுவும் தண்ணீர் விட்டு.

"ஒரு நாளாச்சும் நல்லத ராவா குடிச்சுப் பாக்கணும்டா" என்பார்.

"வாங்கித் தரேம்ப்பா" என்பான் இவன். வாங்கித் தருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார்.

முதல் வருஷத் திதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஓட்டலில் தங்கிய சிங்கப்பூர்க்காரர் ஒருவர் பதினெட்டு வருஷத்து மால்ட் பாட்டிலை வளவனுக்குப் பரிசாகக் கொடுத்தார். "அப்பா படையலுக்கும்மா" என்று வீட்டில் கொடுத்தான். அம்மா மயிலம்மாள் அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள்.

அது அங்கேயே இருந்திருக்கலாம். பாரில் சூப்பர்வைசர் இடம் காலியானது. அதைப் பற்றிப் பேச மேனேஜர் சிவசங்கர் தன் ஸ்ரீரங்கத்து ஃப்ளாட்டுக்கு வரச் சொன்னார். இரண்டு பெக் குறைந்தால் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியாமல் பாட்டிலை எடுத்துப் போனான். மேனேஜர் பால்கனியில் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்த மால்ட்டில் கோலாவைக் கவிழ்த்தார்.

"எப்படி வளவன்?"

"சூப்பர் சார்."

பாட்டில் காலியாகும் வரை சூப்பர் சார்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

திதிக்கு முந்தைய நாள், காக்டெயிலுக்கு ஊற்றுகிற விஸ்கியைக் காலி பாட்டிலில் நிரப்பினான். செத்தவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தான். நினைத்த கையோடு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் எடமலைப்பட்டி புதூர் வீட்டில் தலைவாழை இலை போட்டு, கறிக்குழம்பும் வறுத்த மீனும் பீடிக்கட்டும் படத்துக்கு முன் வைத்தார்கள். அப்பாவோடு பெட்டி தூக்கிய பிச்சை, டம்ளரில் விஸ்கியை ஊற்றிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

"வேணாங்கண்ணே" என்று தடுத்தாள் மயிலம்மாள். "இத அப்படியேதான் குடிக்கணுமாம். வளவன் சொல்லியிருக்கான்."

சூடம் காட்டிக் கும்பிட்டு, செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்தி எல்லோரும் வாசலில் நின்றார்கள். அந்தப் பத்து நிமிஷம் வளவனுக்கு உடம்பு கூசியது. அப்பா இந்நேரம் டம்ளரை எடுத்திருப்பார். எத்தனை வருஷத்து ஆசை. அது தொண்டையில் எரியும்போது மகனைப் பற்றி என்ன நினைப்பார்?

கதவைத் திறந்ததும் பிச்சை கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் கண்ணை மூடினார்.

"அடேயப்பா! காத்தான் குடுத்து வெச்சவன்டா. எம்புள்ளைங்க எனக்கு இப்படிச் செய்யுமா?"

வசவாக இருந்தால் தாங்கியிருப்பான். மயிலம்மாள் படத்தின் முன் இருந்த டம்ளரை இரு கையாலும் எடுத்து வந்தாள்.

"உங்கப்பா வாய் வெச்சது. நீதான் குடிக்கணும்."

குடித்தான். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, அவன் நாக்குக்கு மட்டும் தெரிந்தது. சாராய நெடி, அடியில் கருகின சர்க்கரைக் கசப்பு. இதைத் தனியாக யாருக்கும் ஊற்றாதே என்று பாரில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான்.

"நல்லா இருக்காடா?"

படத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினான். "சூப்பரும்மா."

மேனேஜரிடம் சொன்ன அதே வார்த்தை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மிச்சத்த நான் எடுத்துட்டுப் போறேம்மா" என்று பாட்டிலுக்குக் கை நீட்டினான். அவள் விடவில்லை. முந்தானையால் துடைத்து, பேர் ஒட்டின பக்கம் முன்னால் தெரியும்படி படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"இருக்கட்டும். அமாவாசைக்கு அமாவாசை அவருக்குக் கொஞ்சம் ஊத்தி வெக்கறேன்."